மாடு தாழியை விட்டு முகத்தைத் திருப்பினால்

கறவை மாடு தீனி எடுக்கவில்லை என்றதும் வெல்லம் கரைத்து ஊற்றுவது, ஆசை காட்ட இன்னும் ஒரு கிலோ அடர்தீனியை (தானியம், தவிடு, புண்ணாக்கு கலந்த தீனி) முன்னால் கொட்டுவது, மருந்துக் கடையில் பசிப்பொடி வாங்குவது என்று கை பரபரக்கும். அதற்குமுன் தாழியைக் குனிந்து பாருங்கள். மாடு எதை விட்டிருக்கிறது? அடர்தீனியை விட்டு வைக்கோலை மட்டும் கடித்திருந்தால் அது ஒரு கதை. வைக்கோலை விட்டுப் பசும்புல்லைப் பொறுக்கியிருந்தால் வேறு கதை. எல்லாவற்றையும் விட்டுத் தண்ணீரும் குடிக்கவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டிய கதை. கேரளத்துப் பாலக்காட்டு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கிற தீனிகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். பொள்ளாச்சிப் பக்கத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பசியை நிறுத்துவது எது

கலப்பினப் பசுவின் முதல் வயிறு, அதாவது ருமென், நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் நொதித்தொட்டி. தின்றதை நேராகச் செரிப்பது மாடு அல்ல, அதனுள் வாழும் நுண்ணுயிர்கள். அவை நாரையும் மாவையும் நொதிக்கவைத்து அசிட்டிக், புரொப்பியானிக், பியூட்டிரிக் என்று மூன்று அமிலங்களாக்கித் தருகின்றன. மாட்டுக்குத் தேவையான சக்தியில் பாதிக்கு மேல் இந்த அமிலங்களிலிருந்துதான் வருகிறது. நாரிலிருந்து மிகுதியாக வரும் அசிட்டிக் அமிலம் பாலின் கொழுப்பாகிறது. மாவிலிருந்து மிகுதியாக வரும் புரொப்பியானிக்கைக் கல்லீரல் குளுக்கோஸாக மாற்றுகிறது. பாலின் அளவு அந்தக் குளுக்கோஸைப் பொறுத்தது.

'போதும்' என்ற செய்தி மூளையின் ஹைப்போதாலமஸுக்குப் பல வழியில் போகிறது. முதல் வயிற்றின் சுவர் விரிந்தால் அங்கிருக்கும் நரம்பு முனைகள் சொல்லும். வைக்கோல் மட்டும் தின்கிற மாடு சீக்கிரம் நிறுத்துவதற்குக் காரணம் இதுதான்: சத்து போதவில்லை, ஆனால் இடம் நிறைந்துவிட்டது. கல்லீரலில் புரொப்பியானிக்கும் உடலிலிருந்து கரைந்து வரும் கொழுப்பும் எரியும்போது அங்கிருந்தும் ஒரு செய்தி போகிறது. ஒரே வேளையில் நிறைய மாவுத்தீனி தின்ற மாடும், கன்று போட்டபின் உடல் கொழுப்பைக் கரைக்கும் மாடும் தாழியை விட்டு நகர்வது இதனால். நாலாம் வயிறு காலியாகும்போது கிரெலின் என்ற ஹார்மோன் சுரந்து பசியைக் கிளப்பும். உடலில் கொழுப்பு கூடக் கூட லெப்டின் என்ற ஹார்மோன் சுரந்து அடக்கும். இதற்கெல்லாம் மேலே வெயில் உட்காரும். நொதித்தலே சூடு உண்டாக்கும் வேலை என்பதால், உடல் சூட்டை வெளியேற்ற முடியாத மாடு உலைக்கு விறகு போடுவதை நிறுத்திவிடும். பசி போனது நோயாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பாதி நேரம் அது மாடு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. அந்த வழியை மறித்து வாயில் ஊற்றுவதுதான் கெடுதல்.

பத்து நிமிடச் சோதனை

முதலில் தள்ளி நின்று பாருங்கள். ஓய்வாக இருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் எந்த நேரத்திலும் அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கவளத்தை மேலே கொண்டுவந்து விழுங்கும் வரை ஐம்பது, அறுபது தடவை மெல்லும். முப்பதுக்குக் கீழே வந்தால் தீனியில் நீளமான நார் குறைவு. அசையே இல்லை என்றால் ருமென் வேலைநிறுத்தம் செய்கிறது.

அடுத்தது உடல் சூடு. ஆசனவாயில் வெப்பமானியை ஒரு நிமிடம் வையுங்கள். 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி, ஒரு டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம். வெயிலில் நின்ற மாட்டுக்கு மத்தியானம் 103 காட்டுவதை வைத்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டாதீர்கள், காலையில் எடுங்கள். காலையிலும் 103-ஐத் தாண்டினால் அது தீனிக் கோளாறு அல்ல. உண்ணிக் காய்ச்சல், மடிவீக்கம், கோமாரி எதுவாகவும் இருக்கலாம். வாயைத் திறந்து நாக்கிலும் ஈறிலும் கொப்புளம் உண்டா, கண்ணின் உள்விளிம்பு வெளுத்திருக்கிறதா என்று பார்த்து அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி இடது பக்கம். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். கையை முட்டியாக மடக்கி அதில் அழுத்தி வைத்து இரண்டு நிமிடம் பொறுங்கள். உள்ளே அலை எழும்பி முட்டியைத் தள்ள வேண்டும், இரண்டு நிமிடத்தில் இரண்டு முதல் நாலு தடவை. அழுத்தினால் பிசைந்த மாவுபோலக் குழி விழுந்து மெல்ல எழும்பினால் நல்லது. கல்லுப்போல இருந்தால் வைக்கோல் கட்டிவிட்டது. தண்ணீர்ப் பை போலக் 'களக் களக்' என்றால் புளிப்பு, அதாவது ருமெனில் அமிலம் மிகுந்துவிட்டது. பள்ளமே தெரியாமல் மத்தளமாக உப்பியிருந்தால் வயிற்றுப்பொருமல், அதற்கு இந்தச் சோதனையைத் தொடர நேரமில்லை.

சாணியையும் விட வேண்டாம். பூட்ஸால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். முழு மக்காச்சோளமும் விரல்கடை நீள வைக்கோலும் அப்படியே வந்தால், தீனி மெல்லப்படாமலும் நொதிக்காமலும் ஓடுகிறது. சாம்பல் நிறமாக, நுரையோடு, புளித்த வாடை அடித்தால் மாவு அதிகம். உருண்டையாக, சளி பூசினாற்போல இருந்தால் மாடு இரண்டு நாளாகவே குறைத்துத் தின்றிருக்கிறது, நீங்கள் இன்றுதான் பார்க்கிறீர்கள்.

பலரும் மடித்துச் சட்டைப்பையில் போட்டு மறந்துவிடும் சாதனம் ஒன்று உண்டு: சங்கத்தில் பால் ஊற்றியதும் கிடைக்கும் சீட்டு. ஒரு மாட்டின் பாலைத் தனியாக அளக்க முடிந்தால், தாழிக்கு இரண்டு நாள் முன்பே அது பேசும். கொழுப்பு 4 சதவீதத்திலிருந்து 3-க்குக் கீழே சரிந்தால் நார் குறைந்து புளிப்பு ஏறுகிறது. கன்று போட்டு ஒரு மாதத்துக்குள் பால் குறைந்து கொழுப்பு மட்டும் 5-க்கு மேல் எகிறினால் சந்தோஷப்படாதீர்கள். மாடு தன் உடம்பைக் கரைத்து ஊற்றுகிறது.

புளிப்பு: விருந்துக்கு மறுநாள்

கேரளத்து எல்லையில் மாடுகளைக் கொல்கிற தீனிக் கோளாறுகளில் இது ஒன்று. ஓணம், கல்யாணம், கோயில் அன்னதானம் எல்லாவற்றிலும் மிஞ்சிய சோறும் பாயசமும் கட்டுத்தறிக்கு வந்துசேரும். வைகாசி, ஆனியில் மரத்தடியில் விழுந்து கிடக்கும் பலாப்பழம் வேறு. 2024 ஜூனில் கொல்லம் மாவட்டத்துப் பண்ணை ஒன்றில் பரோட்டாவும் பலாவும் மிதமிஞ்சித் தின்ற மாடுகளில் ஐந்து செத்த செய்தி பலருக்கு நினைவிருக்கும்.

அங்கே விஷம் ஏதும் கலக்கவில்லை. வெந்த மாவு பச்சை தானியத்தைவிட வெகு வேகமாக நொதிக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை பாக்டீரியா சில மணி நேரத்தில் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். சாதாரணமாக 6-க்கும் 7-க்கும் இடையில் நிற்கும் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, புளிப்பு ஏற ஏற இது இறங்கும்) 5.5-க்குக் கீழே போனதும் நாரைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் சாகும், வயிற்றின் அலை நிற்கும். இரத்தத்திலிருந்து தண்ணீர் வயிற்றுக்குள் இறங்குவதால் கண் குழி விழும், மாடு தள்ளாடும். தின்ற அன்று ஒன்றும் தெரியாது. 12 மணி நேரத்துக்குப் பிறகு, சில சமயம் மறுநாள் மாலைதான் தெரியும். 'நேத்து நல்லாத்தானே தின்னுச்சு' என்ற பேச்சு இதனால்தான்.

மாடு அரைக்கூடை சோறோ இரண்டு மூன்று முழுப் பலாப்பழமோ தின்றதை நீங்களே பார்த்திருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, அடர்தீனி, கழனித்தண்ணீர், வெல்லம் எல்லாவற்றையும் நிறுத்தி, நல்ல காய்ந்த வைக்கோலை மட்டும் வையுங்கள். அதை மெல்லும்போது எச்சில் ஊறும். ஒரு பசு நாளுக்கு நூறு லிட்டருக்கு மேல் எச்சில் சுரக்கும், அதில் இருப்பது ஆப்பசோடாவில் உள்ள அதே சோடியம் பைகார்பனேட். லேசான கோளாறென்றால் 100 முதல் 150 கிராம் ஆப்பசோடாவை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். பொருமியிருக்கும் மாட்டுக்கும் படுத்துவிட்ட மாட்டுக்கும் கொடுக்காதீர்கள். அமிலமும் சோடாவும் சேர்ந்தால் வாயு கிளம்பும். அப்படிப்பட்ட மாட்டுக்கு நரம்பில் மருந்தும், தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து காலி செய்வதும்தான் வழி. பிழைத்த மாடு சில வாரம் கழித்துக் காலைத் தாங்கி நடந்தால் அதுவும் அன்றைய சோற்றின் பாக்கிதான், குளம்புக்குள் ஏற்பட்ட அழற்சி.

மிஞ்சின சோறு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், பெரிய மாட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். அதுவும் வயிறு நிறைய வைக்கோல் தின்ற பிறகு.

கன்று போட்டபின் அடர்தீனியை மட்டும் ஒதுக்கினால்

முதல் ஆறு வாரத்தில், நல்ல பால் கொடுக்கும் மாடு அடர்தீனியை முகர்ந்துவிட்டு வைக்கோலுக்குப் போனால் கீட்டோசிஸைச் சந்தேகியுங்கள், அதாவது உடல் கொழுப்பு கரைந்து இரத்தத்தில் கீட்டோன் என்ற பொருள்கள் மிகும் கோளாறு. மூச்சிலோ பாலிலோ நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை வரும், எல்லார் மூக்குக்கும் அது தெரியாது. மாடு மெலியும், சாணி இறுகும், காய்ச்சல் இருக்காது. புளிப்பிலும் மாடு அடர்தீனியைத்தான் முதலில் விடும். ஆனால் புளிப்பில் சாணி இளகும், பால் கொழுப்பு இறங்கும். கீட்டோசிஸில் சாணி இறுகும், கொழுப்பு ஏறும்.

இங்கேதான் வெல்லம் ஏமாற்றுகிறது. வெல்லம் குளுக்கோஸாக இரத்தத்துக்குப் போவதில்லை. ருமெனில் நொதித்துப் பியூட்டிரிக் அமிலத்தையும் கூட்டும், அது கீட்டோன்களுக்கே மூலப்பொருள். கல்லீரலில் குளுக்கோஸாக மாறும் புரொப்பிலீன் கிளைக்கால் நாளுக்கு 250 முதல் 300 மில்லி, மூன்று முதல் ஐந்து நாள் வாய்வழி கொடுப்பது வழக்கம். எத்தனை நாள், ஊசிக் குளுக்கோஸ் வேண்டுமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

வேர் கன்று போடுவதற்கு முன்பே இருக்கிறது. கறவை வற்றிய இரண்டு மாதத்தில் முதுகு தட்டையாகும்வரை கொழுக்க வைத்த மாடு ஈன்றபின் குறைவாகத்தான் தின்னும். ஒல்லியான மாடும் வேண்டாம்: விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது. ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து அடர்தீனியை ஒரு கிலோவில் தொடங்கி இரண்டு, இரண்டரை கிலோ வரை ஏற்றுங்கள். நுண்ணுயிர்க் கூட்டம் மாற இரண்டு வாரம் ஆகும். அமிலங்களை உறிஞ்சும் ருமென் சுவரின் முளைகள் நீள்வதற்கு அதைவிடக் கூடுதல் காலம் ஆகும். ஈன்ற அன்றே ஆறு கிலோ கொட்டினால் அமிலம் வரும், அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை.

ஈன்ற மூன்று நாளுக்குள் காது சில்லிட்டு, தலையை விலாப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தால் அது சுண்ணாம்புச்சத்துக் குறைவு. வாயில் எதையும் ஊற்றாதீர்கள், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போகும்.

வைக்கோல் கட்டிக்கொண்டால்

பாலக்காட்டு வைக்கோல் முதல் போகத்தில் மழையில் அறுத்தால் ஒரு மாதிரி, இரண்டாம் போகத்தில் வெயிலில் காய்ந்தால் வேறு மாதிரி. மழைக்கால உருட்டுக்கட்டுகளை வாங்கும்போது நடுவில் கைவிட்டுப் பாருங்கள். சூடாகவோ சாம்பல் பூத்தோ இருந்தால் அந்தக் கட்டை மாட்டிடம் கொண்டுபோகாதீர்கள்.

நல்ல வைக்கோலிலும் புரதம் மூன்று, நாலு சதவீதம்தான். நுண்ணுயிருக்கே அது போதாது என்பதால் வைக்கோல் வயிற்றில் தங்கும், இடம் அடைபடும், மாடு தின்பதை நிறுத்தும். யூரியாவால் பதப்படுத்தினால் இது மாறும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 60 லிட்டர் தண்ணீர். ஒரு துகள்கூட மிஞ்சாமல் கரையுங்கள். வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பிப் பூவாளியால் சமமாகத் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் மிதித்து இறுக்கி, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடுங்கள். 21 நாள் கழித்துத் திறந்தால் மஞ்சள் பழுப்பாகி மூக்கைத் துளைக்கும் வாடை வரும். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, முதல் நாள் அரைக்கிலோ, பத்து நாளில் முழு அளவு என்று பழக்குங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுகளுக்கு ஆகாது. கரைசல் இருந்த வாளியை மாடு நக்கி நடுங்கினால், வினிகர் இரண்டு மூன்று லிட்டரைக் குளிர்ந்த தண்ணீரோடு கலந்து கொடுத்துக்கொண்டே மருத்துவரை அழையுங்கள்.

சோளமும் குச்சிக்கிழங்கும்

கிழக்குப் பக்கத்து மானாவாரிக் காட்டில் மழை தப்பினால் சோளப்பயிர் முழங்கால் உயரத்தில் வாடி நிற்கும். 'வீணாப் போகுதே' என்று மாட்டை அவிழ்த்துவிடக் கூடாது. பூக்காத இளஞ்சோளத்திலும், வாடிய பயிர் மழை கண்டு மறுபடி துளிர்க்கும் தூரிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் மிகுதி. மாடு தள்ளாடி, மூச்சு வாங்கி, சில நிமிடத்திலேயே விழலாம். பூத்தபின் அறுப்பதே பாதுகாப்பு. குச்சிக்கிழங்கின் (மரவள்ளி) இலையும் தோலும் அதே வகைதான். நறுக்கி வெயிலில் நன்றாகக் காயவைத்தபின் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

ஈரக் கடலைக்கொடி, தட்டைப்பயறு போன்றவற்றை வெறும் வயிற்றில் தின்றால் நுரைப்பொருமல் வரும். இடது பக்கம் முதுகெலும்புக்கு மேலே எழும்பும். முன்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ 250 மில்லி மெதுவாகக் கொடுங்கள். மூக்கு கண்ணின் மட்டத்துக்கு மேலே போகும்படி தலையைத் தூக்காதீர்கள், நாக்கை இழுத்துப் பிடிக்காதீர்கள், இருமினால் உடனே விடுங்கள். எந்த மருந்தை ஊற்றினாலும் இதே விதிதான்.

வீடு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் மேயும் மாடு திடீரென்று தீனியை நிறுத்தி, முதுகை வளைத்து, முழங்கையை வெளியே விரித்து நின்றால், இறக்கத்தில் நடக்க மறுத்தால், கம்பித்துண்டோ ஆணியோ இரண்டாம் வயிற்றைக் குத்தியிருக்கலாம். பசிப்பொடி வயிற்றைக் குலுக்கி அந்தக் கம்பியை இதயப்பக்கம் தள்ளும். கொடுக்காதீர்கள்.

எந்த ஆபத்தும் இல்லாத வெறும் மந்தம் என்றால்

காய்ச்சல் இல்லை, பொருமல் இல்லை, மாடு சுறுசுறுப்பாக இருக்கிறது, அலை மட்டும் குறைவு என்றால் ஒரு நாள் அடர்தீனியை நிறுத்துங்கள். வெற்றிலை 10, மிளகு 10, இஞ்சி 100 கிராம், பூண்டு 10 பல், சீரகம் 10 கிராம் அரைத்து, கொஞ்சம் வெல்லம் சேர்த்து உருட்டி, கல்லுப்பில் புரட்டி நாக்கில் தேய்த்துத் தின்னக் கொடுக்கலாம். இந்த அளவு வெல்லத்தால் கெடுதல் இல்லை. இரண்டாம் நாளும் அசை வரவில்லை என்றால் நுண்ணுயிரே செத்திருக்கும். நல்ல மாட்டின் ருமென் சாற்றை வடிகட்டி, சூடு ஆறுமுன் மூன்று முதல் ஐந்து லிட்டர் குழாய்வழி செலுத்துவார்கள். மருத்துவரிடம் கேளுங்கள், பொடிகளைவிட இதில் பலன் தெளிவு.

அசை திரும்பியதும் முதல் நாள் வைக்கோலும் பசும்புல்லும், இரண்டாம் நாள் வழக்கமான அடர்தீனியில் கால்பங்கு, பிறகு நாளுக்கு அரைக்கிலோ வீதம் ஏற்றம்.

தினசரி அளவு

400 கிலோ எடையும் பத்து லிட்டர் பாலும் உள்ள பசுவுக்குப் பசுந்தீவனம் 20 முதல் 25 கிலோ, வைக்கோலோ சோளத்தட்டோ 4 கிலோ, அடர்தீனி ஐந்தரைக் கிலோ. அடர்தீனியில் ஒன்றரைக் கிலோ உடம்புக்கு, லிட்டருக்கு 400 கிராம் பாலுக்கு. தாது உப்பு 50 கிராம், சாப்பாட்டு உப்பு 30 கிராம். அடர்தீனியை மூன்று வேளையாகப் பிரித்து, ஒரு வேளைக்கு இரண்டு கிலோவைத் தாண்டாமல், வைக்கோலுக்குப் பிறகே வையுங்கள். சோளத்தட்டை ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலமாக நறுக்கினால் போதும். பொடியாக அரைத்தால் மெல்ல வேலையில்லை, எச்சிலும் இல்லை. எந்தத் தீனியை மாற்றினாலும் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பங்குனி, சித்திரை வெயிலில் தீனியின் பெரும்பகுதியை விடியற்காலை ஐந்துக்கு முன்னும் இரவு ஏழுக்குப் பின்னும் போடுங்கள். நொதிக்கும் சூடு சில மணி நேரம் கழித்தே உச்சத்துக்கு வரும். காலை பத்து மணிக்குத் தின்றால் அது மத்தியான வெயிலோடு சேரும். விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள், நிமிடத்துக்கு அறுபதைத் தாண்டினால் தண்ணீர் தெளிக்க நேரமாகிவிட்டது. குடிக்க நாளுக்கு 60 முதல் 100 லிட்டர் வேண்டும். வெயிலில் கிடக்கும் சிமெண்ட் தொட்டியின் வெந்நீரை மாடு முகர்ந்துவிட்டுப் போகும், தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும்.

பீர் பொட்டு (பீர் ஆலையில் மிஞ்சும் தானியச் சக்கை) வாங்குபவர்களுக்கு: அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நாலு கிலோ ஈரப்பொட்டு ஒரு கிலோ அடர்தீனிக்குச் சமம் என்று கணக்குப் போட்டு, அந்த ஒரு கிலோவைக் குறைத்துவிட்டுக் கொடுங்கள், மேலே சேர்த்து அல்ல. எட்டு கிலோவைத் தாண்ட வேண்டாம். வெயில் காலத்தில் இரண்டு நாளில் தின்று தீரும் அளவுக்கே வாங்குங்கள். கூடுதலாக வந்துவிட்டால் டிரம்மில் காற்றில்லாமல் மிதித்து அமுக்கி, மேலே உப்புத் தூவி, பாலித்தீன் போட்டு மூடுங்கள். திறந்தபின் மேலே பச்சையோ கறுப்போ பூத்திருந்தால் பூத்த இடத்தை மட்டும் வழித்துவிட்டு மீதியைக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை, டிரம்மில் உள்ளதை முழுவதும் எருக்குழியில் கொட்டிவிடுங்கள்.